எம்.எஸ்ஸி. இல்லாத உயிரியல் பட்டதாரிகள்

ஆண்டுதோறும் பட்டத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் மாதங்களில், டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளிலும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் ஒரே கேள்வி எழுகிறது. தாவர இயல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர் வேதியியல் முதலிய பாடங்களில் பி.எஸ்ஸி. தேறிய ஒருவர், மேற்கொண்டு எம்.எஸ்ஸி. படிக்க வசதியோ இடமோ விருப்பமோ இல்லாதபோது என்ன செய்வது என்பதே அக்கேள்வி. அதற்கு ஊரார் கூறும் விடையும் பெரும்பாலும் ஒன்றே. உயிரியலில் வெறும் பி.எஸ்ஸி. என்பது பாதிப் படிப்பு, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது என்பர். உறவினர் மட்டுமன்றி ஆசிரியர் சிலரும் இவ்வாறே கூறுகின்றனர்.

இவ்விடையில் உண்மை பாதி உண்டு. முழுப் பொய்யை எவரேனும் விரைவில் மறுத்துவிடுவர்; பாதி உண்மையோ மறுப்பாரின்றி நெடுநாள் வாழும். அதை நம்பிக் கடன் வாங்கி இரண்டு ஆண்டுகள் மகனையோ மகளையோ மேற்படிப்புக்கு அனுப்பும் குடும்பங்கள் பல. எம்.எஸ்ஸி. முடித்து வந்த பின்னர், பி.எஸ்ஸி. போதும் என்று குறிக்கப்பட்ட பதவிக்கே அவர்கள் விண்ணப்பிக்கின்றனர். அப்போது வயது வரம்பு நெருங்கியிருக்கும். ஆகவே எந்தக் கதவு எம்.எஸ்ஸி. இன்றித் திறக்கும், எது திறவாது என்பதை மாணவர் பட்டம் பெறுவதற்கு முன்னரே அறிந்திருத்தல் அவசியம். அதனைக் கூறத் தக்கவர் இருவர்: வகுப்பிலுள்ள ஆசிரியரும், களத்திலுள்ள பணியாளரும்.

திறவாத கதவுகளை முதலில் கூறிவிடுவது நேர்மை. கல்லூரி விரிவுரையாளர் பதவி எம்.எஸ்ஸி. இன்றிக் கிடைக்காது. மேல்நிலை வகுப்புகளுக்கான முதுநிலை ஆசிரியர் பதவியும் அவ்வாறே. இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிலையங்களில் விஞ்ஞானி என்ற பெயருடன் நுழைய முதுநிலைப் பட்டம் வேண்டும். சுதந்திரமாக ஓர் ஆராய்ச்சியை வகுத்து நடத்த விரும்பும் இளைஞரை எம்.எஸ்ஸி. வேண்டாம் என்று தடுப்பது தவறாகும். இக்கட்டுரையின் கவலை அத்தகையவரைப் பற்றியதன்று. வேறு வழி தெரியாமையாலேயே எம்.எஸ்ஸி.யில் சேர்வோரைப் பற்றியது.

இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது என்பதற்கு டில்லியிலுள்ள பூசா நிலையத்தின் வரலாறு விளக்கம் தரும். 1905-ஆம் ஆண்டு பீகாரில் பூசா என்னுமிடத்தில் நிறுவப்பட்ட அந்நிலையம், 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்தமையால், 1936-இல் டில்லிக்கு மாற்றப்பட்டது. ஊர் மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் டில்லிவாசிகளுக்கு அது பூசாதான். அங்கு 1975-ஆம் ஆண்டுக்குப் பின்னர் பணிகள் இரு கிளைகளாகப் பிரிந்தன. ஒன்று விவசாய ஆராய்ச்சிப் பணி. அது விஞ்ஞானிகளுக்கு உரியது. மற்றொன்று தொழில்நுட்பப் பணி. பின்னதில் மூன்று வகைகள் உண்டு. முதல் வகைக்குப் பள்ளிப் படிப்பும், இரண்டாம் வகைக்குப் பட்டமும், மூன்றாம் வகைக்கு முதுநிலைப் பட்டமும் அடிப்படைத் தகுதிகளாக வகுக்கப்பட்டன. காலி இடத்தை எதிர்பாராமல், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலைத் திறனை மதிப்பிட்டுப் பதவி உயர்த்தும் முறையும் அத்துடன் வந்தது. பட்டதாரியின் இடம் இவ்வாறு இரண்டாம் வகையில் தெளிவாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் கல்லூரிகளில் விஞ்ஞானி என்ற சொல் மட்டுமே பேசப்படுகிறது. தொழில்நுட்ப உதவியாளர் என்ற சொல் மாணவர் செவிக்கு எட்டுவதில்லை.

அப்பணி இழிவானதா? நெற்பயிரில் புதிய கலப்பினம் உண்டாக்கும் வேலையை எண்ணிப் பார்க்கலாம். நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்பினது. ஆகையால் பூ விரியுமுன் அதன் ஆறு மகரந்தப்பைகளையும், சூல்முடிக்கு ஊறு நேராமல், ஒவ்வொன்றாக அகற்ற வேண்டும். பின்னர் உறையிட்டு, உரிய வேளையில் மற்றைப் பயிரின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். ஒரு கதிரில் இவ்வாறு செய்ய வேண்டிய பூக்கள் பல. வயலில் கதிர்கள் அதனினும் பல. 2003-ஆம் ஆண்டு பூசாவிலிருந்து வெளிவந்த 1121 என்னும் நீண்ட மணிப் பாசுமதி போன்ற இரகங்களுக்குப் பின்னால், பல பருவங்கள் வயலிலேயே நின்று பூவெடுத்த, கதிர் அளந்த, கலப்புச் செடிகளைப் பிடுங்கி எறிந்த கைகள் இருந்தன. இரகத்தின் வரலாற்றில் அக்கைகளின் பெயர் வருவதில்லை. அது ஒரு குறையே. ஆனால் தாவர இயல் படித்த பட்டதாரி ஒருவருக்கு அவ்வேலை படிப்பின் நேரடிப் பயன் என்பதில் ஐயமில்லை.

இன்னும் தெளிவான சான்று மலேரியாவைப் பற்றியது. கசௌலியில் தொடங்கிய மலேரியா அமைப்பு, 1938-இல் டில்லிக்கு வந்து இந்திய மலேரியா நிலையம் என்னும் பெயர் பெற்றது. 1944-இல் அங்கு ஜஸ்வந்த் சிங், பட்டாசார்ஜி ஆகிய இருவரும் உருவாக்கிய இரத்தப் பூச்சுச் சாயம் அவர்தம் பெயரின் முதலெழுத்துக்களால் ஜே.எஸ்.பி. சாயம் என்று வழங்குகிறது. மலிவான, விரைவில் முடியும் முறை அது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான சிறு சோதனைச்சாலைகளில் சாதாரணப் பயிற்சி பெற்றவரும் கையாளத் தக்க முறையாக அது இருந்தமையே அதன் பெருமை.

1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் அந்நோயால் பீடிக்கப்பட்டதாகவும், 8 இலட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. 1965-இல் நோயாளர் தொகை ஓர் இலட்சம் அளவுக்கு இறங்கியது. வீடுவீடாகச் சென்று காய்ச்சல் விசாரித்தவரும், இரத்தப் பூச்சு எடுத்தவரும், நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அதைப் பார்த்தவரும், குட்டைகளில் அகப்பை விட்டுக் கொசுப் புழுக்களை எண்ணியவருமே அவ்வெற்றியைச் சுமந்தனர். பின்னர்க் கண்காணிப்புத் தளர்ந்தது, கொசுக்கள் டி.டி.டி. மருந்தைத் தாங்கும் திறன் பெற்றன; மருந்து வழங்கலும் முறையாக நடைபெறவில்லை. 1976-இல் நோயாளர் தொகை 64 இலட்சமாக ஏறியது. இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல என்பது உண்மை. ஆனால் தளர்ந்தவற்றுள் ஒன்று நடுநிலைப் பணியாளரின் அன்றாட வேலை என்பதை மறத்தலாகாது. மேல்மட்ட அறிஞர் தொகை அந்த ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை.

அதே நிலையம் 1963-இல் தேசியத் தொற்றுநோய் நிலையமாகவும், 2009-இல் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமாகவும் வளர்ந்தது. அதன் வாயிலுக்கு வெளியிலேயே, 1996-ஆம் ஆண்டு, டெங்குக் காய்ச்சல் டில்லியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்து, நானூறு பேருக்கு மேல் உயிர் கவர்ந்தது. அதன் பின்னர் டில்லி மாநகராட்சி, வீட்டுக் கூரைத் தொட்டிகளிலும் குளிர்விப்பான்களிலும் கொசுப் புழு தேடும் ஆட்களை ஒப்பந்த முறையில் அமர்த்தியது. ஏடிஸ் புழுவையும் க்யூலெக்ஸ் புழுவையும் நீர்ப்பரப்பில் அவை தொங்கும் நிலையையும் மூச்சுக் குழலின் அளவையும் கொண்டு பிரித்தறிவது விலங்கியல் மாணவர் ஓர் ஆண்டிலேயே கற்கும் பாடம். அவ்வறிவுக்குரிய நிரந்தரப் பதவி நகராட்சிகளில் அருகியே காணப்படுகிறது என்பது வருந்தத் தக்கது. நோய் வரும்போது ஆள் எடுப்பதும் போனபின் மறப்பதும் சிக்கனமாகா.

இனி, திறந்திருக்கும் கதவுகள். இவற்றுள் மிகப் பெரியதும், உயிரியல் மாணவரால் மிகவும் புறக்கணிக்கப்படுவதும் இந்திய உணவுக் கழகம். 1965 ஜனவரியில் தொடங்கிய அக்கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. சென்னையில் இருந்த தலைமையகம் பின்னர் டில்லிக்குச் சென்றது. அதன் தொழில்நுட்பப் பிரிவில் மூன்றாம் நிலை உதவியாளர் பதவிக்கு, விவசாயப் பட்டதாரியேயன்றி, தாவர இயல், விலங்கியல், உயிரித் தொழில்நுட்பம், உயிர் வேதியியல், நுண்ணுயிரியல், உணவு விஞ்ஞானம் இவற்றுள் ஒன்றைப் பாடமாகக் கொண்ட பி.எஸ்ஸி. பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். கணிப்பொறியைக் கையாளவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

அங்கு அவருக்கு என்ன வேலை? டில்லியில் நரேலாவிலோ மாயாபுரியிலோ உள்ள கிடங்கொன்றில் மூட்டைகள் அட்டியாக அடுக்கப்பட்டிருக்கும். குத்தூசியால் மாதிரி எடுத்து, ஈரப்பதம், நொய், நிறம் மாறிய மணி, பூச்சி அரித்த மணி ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும். அரிசிக் கூன்வண்டு மணிக்குள்ளேயே முட்டையிட்டு வளர்வதால் வெளியில் தெரியாது. மணியை நீரிலிட்டோ பிளந்தோ காண வேண்டும். கப்ரா வண்டின் புழுவோ சுவர் வெடிப்பிலும் மரச்சட்டத்தின் சந்திலும் புகுந்து, உணவின்றியே நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும் வல்லமை உடையது. கிடங்கு காலியாகிவிட்டது, பூச்சியும் ஒழிந்தது என்று நினைப்பவர் அடுத்த பருவத்தில் ஏமாறுவர். அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளை வைத்து உறை போர்த்தும்போது எத்தனை நாள் மூடி வைப்பது, வாயு கசிகிறதா, வண்டு மருந்துக்குப் பழகிவிட்டதா என்பவை விலங்கியலிலிருந்தும் வேதியியலிலிருந்தும் நேராக வரும் கேள்விகள். மூடாக்கை ஒரு நாள் முன்னதாக எடுத்தால், வலிமை வாய்ந்த வண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்ததாக முடியும். பரிணாமப் பாடம் கற்றவருக்கு இதனை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

தஞ்சைப் பகுதியில் குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டால், கொள்முதல் நிலையத்தின் முன் நெல்லைச் சாலையில் கொட்டி உலர்த்தும் காட்சியைக் களப் பணியாளர் அறிவர். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. அதைத் தளர்த்தக் கோரி மாநில அரசு எழுதுவதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துச் செல்வதும் பல ஆண்டுகளில் நிகழ்ந்துள்ளன. அக்குழுவில் வந்து மாதிரியைப் பார்ப்பவர் தானியத்தின் மூச்சையும் பூஞ்சையின் வளர்ச்சியையும் அறிந்தவராயிருப்பின், உழவனுக்கும் நியாயம் கிடைக்கும். கிடங்குக்கும் கேடு வாராது. உயிரியல் பட்டதாரிக்கு நாட்டில் வேலை இல்லை என்போர் ஒருநாள் அவ்வீரப்பதமானியின் அருகில் நின்று பார்த்தல் நலம்.

இக்கழகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிவிப்பில் மேற்சொன்ன பதவிக்கு வயது வரம்பு 27. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோருக்குச் சலுகை உண்டு. இருபத்தொன்றில் பட்டம் பெறுபவருக்கு ஆறு ஆண்டுகள் கிடைக்கின்றன. அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவனவல்ல. முந்திய பெரிய அறிவிப்பு 2019-இல் வந்தது. எம்.எஸ்ஸி.யில் இரண்டு ஆண்டுகள், முடித்து வேறு ஒன்றை எதிர்பார்த்து இரண்டு ஆண்டுகள் என்று கழிப்பவர் ஒரே ஓர் அறிவிப்பையேனும் சந்திக்காமல் போகக்கூடும். படிப்பை உயர்த்துவது எப்போதும் வாய்ப்பை உயர்த்தும் என்ற கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவியைப் பார்க்கும்போது வேறொரு விந்தை புலப்படும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட விதிகள், உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், விவசாயம், கால்நடை மருத்துவம், உயிர் வேதியியல், நுண்ணுயிரியல் முதலியவற்றில் பட்டம் போதும் என்றன. வேதியியலுக்கு மட்டும் முதுநிலைப் பட்டம் கேட்டன. தாவர இயலும் விலங்கியலும் பட்டியலில் இல்லை. எனவே நுண்ணுயிரியலில் பி.எஸ்ஸி. பெற்றவர் அப்பதவிக்குத் தகுதியுடையவர். அடுத்த வகுப்பறையில் விலங்கியல் படித்து, அதிலும் நுண்ணுயிரியலை ஒரு தாளாகக் கற்றவர் எம்.எஸ்ஸி. விலங்கியலே முடித்தாலும் தகுதியற்றவர். இங்குத் தடை முதுநிலைப் பட்டத்தின் இன்மை அன்று, பட்டத்தின் பெயர்.

உணவுக் கழகத்தின் விதியையும் இவ்விதியையும் அருகருகே வைத்து நோக்கினால் உண்மை விளங்கும். முன்னது "பாடமாகக் கொண்ட" என்கிறது. பின்னது "பட்டம்" என்கிறது. ஒரு சொல்லின் வேறுபாட்டால் ஆயிரக்கணக்கானோர் உள்ளே வருகின்றனர் அல்லது வெளியே நிற்கின்றனர். டில்லிப் பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியல் என்னும் பொதுப் பெயருடன் ஒரு பட்டம் உண்டு. அதில் தாவர இயல், விலங்கியல், வேதியியல் மூன்றும் பாடங்களே. ஆனால் பட்டச் சான்றில் அப்பெயர்கள் முகப்பில் இரா. பாடத்தைக் கேட்கும் விதிக்கு மதிப்பெண் பட்டியல் சான்றாகும். பட்டத்தின் பெயரைக் கேட்கும் விதிக்கு அதுவும் உதவாது. பதினேழு வயதில் கல்லூரியில் சேரும் மாணவருக்கு இதனை எவரும் சொல்வதில்லை. எந்தப் பட்டப் பெயரைத் தேர்ந்தெடுப்பது என்பதே, எம்.எஸ்ஸி. படிப்பதா வேண்டாமா என்பதைக் காட்டிலும் சில வேளைகளில் பெரிய முடிவாகிவிடுகிறது.

மற்றக் கதவுகளைச் சுருக்கமாகக் கூறலாம். இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தாவர இயல் அல்லது விலங்கியலைக் கொண்ட இளநிலைப் பட்டம் போதும். டில்லி ஷாஜகான் சாலையிலுள்ள மத்தியத் தேர்வாணையம் அதனை நடத்துகிறது. போட்டி கடுமையானது, ஆனால் எம்.எஸ்ஸி. அங்கு நிபந்தனையன்று. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் சோதனைச்சாலைகளில் தொழில்நுட்ப உதவியாளர் பதவிக்கு பி.எஸ்ஸி.யுடன் ஓராண்டு அனுபவமோ ஓராண்டுத் தொழிற்படிப்போ கேட்பது வழக்கம். காப்புரிமை முகவர் தேர்வை, 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இருபத்தொரு வயது நிறைந்த எந்த விஞ்ஞானப் பட்டதாரியும் எழுதலாம். மொழித் திறனும் பொறுமையும் உள்ள மாணவர் சிலருக்கு அது பெரிதும் ஏற்றது. பி.எட். பெற்றுப் பட்டதாரி ஆசிரியராவதைப் பற்றி ஆசிரியர்களுக்கே எழுதுவது மிகை.

மருத்துவச் சோதனைச்சாலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். விலங்கியல் பட்டம் பெற்றவர் இரத்தம் பரிசோதிக்கும் வேலைக்கு எளிதில் போகலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 2021-இல் நிறைவேறிய துணைநிலைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்துக்குப் பின்னர், அத்தொழிலுக்குரிய படிப்பும் பதிவும் வரையறுக்கப்பட்டு வருகின்றன. தனியே மருத்துவச் சோதனைத் தொழில்நுட்பப் படிப்பு முடியாமல் அங்குச் செல்வோர், குறைந்த சம்பளத்தில் முன்னேற்றமின்றி நிற்க நேரும். அதுபோலவே, மருந்துச் சோதனை, கிளினிக்கல் ஆராய்ச்சி என்ற பெயர்களில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு சில மாதங்களில் சான்றிதழ் தரும் தனியார் வகுப்புகள் பெரு நகரங்களில் பல உள்ளன. அச்சான்றிதழை எந்த விதி ஏற்கிறது என்று கேட்டு, எழுத்தில் விடை பெறாமல் பணம் கட்டுவது கூடாது. மாறாக, டில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உணவுப் பாதுகாப்பு, தர மேலாண்மை ஆகியவற்றில் நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பு போன்றவை வேலை பார்த்துக்கொண்டே பயிலத் தக்கவை.

திட்டப் பதவிகள் என்று வழங்கும் தற்காலிக வேலைகளும் உண்டு. ஆராய்ச்சி நிலையங்களில் மூன்று ஆண்டுத் திட்டமொன்றுக்குப் பணம் வரும்போது, பட்டதாரிகளை இளம் தொழில்முறையாளர் என்றோ, திட்ட உதவியாளர் என்றோ ஆண்டுக் கணக்கில் அமர்த்துவர். தொடக்கத்தில் அது நல்ல பள்ளி. கருவிகளைத் தொடலாம், ஓராண்டு அனுபவம் என்ற நிபந்தனையும் நிறைவேறும். ஆனால் ஒரு திட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு என்று முப்பது வயது வரை தாவிக்கொண்டிருந்தவருக்கு வயதும் போய்விடுகிறது, ஓய்வூதியமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கு நிற்பது அறிவுடைமையாகாது என்று களத்திலுள்ள மூத்த பணியாளர் வெளிப்படையாகவே கூற வேண்டும். இதைச் சொன்னால் அலுவலகத்தில் ஆள் குறையுமே என்று தயங்குவோரும் உளர்.

முதுநிலைப் பட்டம் இல்லாமலே புகழ் பெற்றவர்களை எடுத்துக்காட்டி ஊக்கமூட்டும் வழக்கம் ஆசிரியரிடம் உண்டு. பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மாணி சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பெங்களூரில் இராமனிடம் வைரத்தின் ஒளியைப் பற்றி ஆராய்ந்து, 1945-இல் ஆய்வேட்டையும் அளித்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்க மறுத்தது. அவர் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைக் கற்று, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். சீனாவில் து யூயூ, டாக்டர் பட்டமோ வெளிநாட்டுப் பயிற்சியோ இன்றி, மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டு 2015-இல் நோபல் பரிசு பெற்றார். ஜப்பானில் கொய்ச்சி தனாகா இளநிலைப் பட்டத்துடன் ஒரு கருவித் தொழிற்சாலையில் பணியாற்றி 2002-இல் வேதியியல் பரிசு பெற்றார்.

இவர்களைப் போற்றுவது தகும். ஆனால் மாணவருக்கு ஆறுதலாக இப்பெயர்களைக் கூறுவது பயனற்றது. இவர்கள் மூவரிடமும் காணும் பொதுமை வேறொன்று: ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான வேலையிடம் கிடைத்தது. வானிலைத் துறையும், பாரம்பரிய மருத்துவக் கழகமும், ஷிமாட்ஸு கம்பெனியும் அவர்களைப் பல ஆண்டுகள் ஒரே வேலையில் வைத்திருந்தன. பட்டத்தின் குறையை அந்த ஆண்டுகள் ஈடு செய்தன. ஓராண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தியிருந்தால் அவர்கள் பெயரை எவரும் அறிந்திருக்கமாட்டார்.

அரசாங்கம் செய்யத் தக்கவையும் உண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022-இல் நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு தொடங்கியது. மூன்றாம் ஆண்டின் முடிவில் பட்டத்துடன் வெளியேறவும் அதில் வழியுண்டு. நான்காண்டு படித்து 75 சதவீத மதிப்பெண் பெற்றவர், எம்.எஸ்ஸி. இன்றியே டாக்டர் பட்ட ஆய்வில் சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதி கூறுகிறது. நல்ல ஏற்பாடே. ஆயினும் இதன் நிழலில் ஒரு தீமை வளரக்கூடும். பதவிக்கான விதிகளைத் திருத்தி எழுதும் அலுவலகங்கள், நான்காண்டுப் பட்டம் என்ற சொல்லை யோசனையின்றிச் சேர்த்துவிட்டால், மூன்றாண்டில் வெளியேறிய ஏழை மாணவர், இன்று எம்.எஸ்ஸி. இல்லாதவர் நிற்குமிடத்துக்கும் ஒருபடி கீழே தள்ளப்படுவார். மத்தியத் துறைகள் ஒவ்வொரு விதியையும் எடுத்து, அவ்வேலைக்கு எந்தப் பாடமும் எந்தக் கைத்திறனும் வேண்டுமென்று நிர்ணயித்து, பட்டத்தின் பெயரைக் கேட்பதை விடுத்து, பாடத்தைக் கேட்கும் முறையில் எழுதுதல் வேண்டும். உணவுக் கழகத்தால் அவ்வாறு எழுத முடிந்தது. மற்றவற்றால் முடியாமைக்குக் காரணம் தோன்றவில்லை.

இரண்டாவது, பூசா முதலிய நிலையங்களில் தொழில்நுட்பப் பணியின் இரண்டாம் வகை இடங்களைக் காலியாகவே விட்டுவிட்டு, அவ்வேலையை ஆய்வு மாணவரையும் திட்ட உதவியாளரையும் கொண்டு நடத்தும் பழக்கம் நிற்க வேண்டும். 2021 டிசம்பரில் கவுன்சில் 641 தொழில்நுட்பர் பதவிகளை அறிவித்தது. அவை பத்தாம் வகுப்புத் தகுதிக்கு உரிய முதல் வகைப் பதவிகள். அத்தகைய பதவிகளுக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிப்பது இன்று வியப்பூட்டும் செய்தியாக இல்லை. பட்டதாரிக்குரிய படி காலியாக இருக்கும்போது அவர் கீழ்ப்படியில் வந்து நிற்பதும், அதனால் பள்ளிப் படிப்போடு நின்றவர் இடமிழப்பதும் எந்தத் திட்டத்தாலும் விரும்பப்படுவன அல்ல.

ஆசிரியர்கள் கல்லூரியின் கடைசி மாதத்தை எதிர்பாராமல் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குதல் நலம். அறிவிப்பு வெளியானதும் அதில் கல்வித் தகுதி என்னும் பத்தியை மட்டும் வகுப்பில் உரக்கப் படித்து, எவரெவர் அதற்குள் வருவர், எவர் எந்தச் சொல்லால் விலக்கப்படுவர் என்று மாணவர்களையே ஆராயச் செய்யலாம். விதிகள் திருத்தப்படுவதால், பழைய அறிவிப்பை நம்பாமல் புதியதையே பார்க்கப் பழக்க வேண்டும். ஆய்வுக்கூட வகுப்பிலும் சிறு மாற்றம் செய்யலாம்: மண்புழுவின் நரம்பு மண்டலத்தை வரைவதோடு, ஒருபடி அரிசியில் எத்தனை வண்டு, எவ்வகை வண்டு என்று எண்ணி எழுதுவதையும் சேர்த்தல்.

களப் பணியாளர்க்கும் இதில் பங்குண்டு. நாட்டின் முதல் வேளாண் விஞ்ஞான நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று அவை எழுநூற்றுக்கு மேற்பட்டு, மாவட்டந்தோறும் பரவியுள்ளன. ஒவ்வொன்றிலும் மண்ணையும் நீரையும் சோதிக்கும் வேலையும் விதைப் பண்ணை வேலையும் நடைபெறுகின்றன. திட்ட உதவியாளர்க்கு அங்கு இளநிலைப் பட்டமும், பாட வல்லுநர்க்கு முதுநிலைப் பட்டமும் தகுதி. ஒரே கூரையின்கீழ் இருவரும் வேலை செய்வதை மாணவர் நேரில் காணலாம். உள்ளூர்க் கல்லூரியின் இருபது மாணவரை ஒருநாள் அழைத்து, திட்ட உதவியாளரையே அவர்களுடன் பேசச் செய்வதற்கு மேலிடத்து உத்தரவு எதுவும் வேண்டியதில்லை. பஸ் கட்டணமும் மதிய உணவும் போதும்.